ஐந்து கேள்விக்கும் ‘இல்லை’ என்ற வீடு

நான் ஓய்வு பெற்ற வாரத்தில், என் இடத்துக்கு வந்த பெண் என்னிடம் ஒன்று கேட்டாள். ஒரு வயதுக் குழந்தை வந்தால் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. பெற்றோர் வேண்டாம் என்றால் அதற்குரிய தாளில் கையெழுத்து வாங்குவேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த தேதியை எழுதிக் கையில் கொடுப்பேன். “வர்றவங்க பாதிப் பேர் வீடு போன வருஷம் கட்டினது மேடம். அவங்ககிட்டயும் ஏன் இவ்வளவு கறார்?” என்றாள். சட்டம் அப்படி என்றேன். அவளுக்கு அது போதவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது போதாது. சட்டம் இருந்தும் நானே ஐந்து மாதம் அதை மீறியிருக்கிறேன். அதைத்தான் அவளுக்காக எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தேன். இரண்டு ஆண்டுகள் அங்கேயே ஒரு ஆய்வகத்தில் சர்க்கரையும் உப்பும் பார்த்தேன். பிறகு கல்யாணம், நியூஜெர்சி, இங்குள்ள தேர்வுகள், சான்றிதழ். தொண்ணூறுகளின் நடுவில், எடிசனில் இருந்த ஒரு குழந்தைகள் கிளினிக்கில் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நான்கு அறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தடுப்பு என் ஆய்வகம். ஒரு நாற்காலி போட்டால் கதவு முழுதாகத் திறக்காது.

கிளினிக் டாக்டர் விசுவநாதனுடையது. திருநெல்வேலிக்காரர், எழுபதுகளில் வந்தவர். சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். ஒவ்வொரு குழந்தையைத் தொடும் முன்பும் கை கழுவுவார். கழுவிய கை சில்லென்று இருக்கும் என்று, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். ஸ்டெதாஸ்கோப்பை முதலில் குழந்தையின் கையில் விளையாடக் கொடுப்பார். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் சொல்வது பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “பாப்போம்” என்பார். அதற்கு முடியாது என்று பொருள்.

நான் சேர்ந்து சில மாதங்களில், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்துக்காக எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை என்ற சட்டம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு வயதில் ஒருமுறை, இரண்டு வயதில் ஒருமுறை. தவறவிட்ட குழந்தை ஆறு வயதுக்குள் எப்போது வந்தாலும் அப்போது. கூடவே ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளும் வந்தது. வீடு பழையதா, பெயின்ட் உரிகிறதா? வீட்டில் இடித்துக் கட்டும் வேலை நடக்கிறதா? கூட விளையாடும் பிள்ளை யாருக்காவது ஈயம் ஏறியிருக்கிறதா? பெற்றோர் பேட்டரி, சால்டரிங் போன்ற வேலை செய்கிறார்களா? ஈயத்தை உருக்கும் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறதா? இரண்டு பரிசோதனைகளுக்கும் இடையில் யாருக்குக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய வந்த தாள் அது. பரிசோதனையை விட்டுவிட வந்த தாள் அல்ல.

நாங்கள் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினோம். எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த குடும்பங்கள். புது அபார்ட்மென்ட், கார்ப்பெட், வெள்ளைச் சுவர். ஐந்து கேள்விக்கும் ‘இல்லை’ என்பார்கள். பரிசோதனை வேண்டாம் என்பார் டாக்டர். கோப்பில் ‘தேவையில்லை’ என்று எழுதுவது என் வேலை.

மாநிலச் சுகாதாரத் துறை அனுப்பிய விதிகளை ஒரு மதிய இடைவேளையில் முழுதாகப் படித்துவிட்டு, டாக்டரிடம் போய், இது எல்லாக் குழந்தைக்கும் என்று இருக்கிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

“அது நியூவர்க்ல, பெர்த் அம்பாய்ல இருக்க பழைய வீட்டுப் பிள்ளையளுக்கும்மா. நம்ம பிள்ளைய எல்லாம் எங்க இருக்கு? சும்மா எதுக்கு விரல்ல குத்திக்கிட்டு? பாப்போம்.”

நான் அதற்கு மேல் பேசவில்லை. என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்தக் கிளினிக்கின் பெயரில்தான் போயிருந்தது. அவர் அதை வைத்து யாரையும் மிரட்டுகிறவர் அல்ல. அந்த நினைப்பே அவருக்கு வந்திருக்காது. எனக்கு வந்தது. பேசாமல் இருந்ததற்கு ஈடாக ஒன்று செய்தேன். பரிசோதனை செய்யாமல் அனுப்பிய ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைத்தால் ஏதோ செய்தது போல இருந்தது. ஐந்து மாதத்தில் நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது. பதினேழாவது பெயர் வருண்.

வருணின் அம்மா சுமதி திண்டுக்கல்காரி. அப்பா செந்தில் இரண்டாயிரமாம் ஆண்டுக் கம்ப்யூட்டர் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த எண்ணற்ற புரோகிராமர்களில் ஒருவர். நானும் சுமதியும் வாரக்கடைசிகளில் ஒரே மளிகைக் கடையில் சந்திப்போம். என்னை அக்கா என்பாள். வருண் ஒரு வயதுத் தடுப்பூசிக்கு வந்தபோது ‘தேவையில்லை’ என்று எழுதியது என் கைதான்.

மூன்று மாதம் கழித்து அவனைத் திரும்ப அழைத்து வந்தாள். சாப்பிட மாட்டேன் என்கிறான், வயிறு கட்டிக்கொள்கிறது, சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வார்த்தைகளையும் இப்போது சொல்வதில்லை என்றாள். டாக்டர் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவனை என் தடுப்புக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

சுவரில், டாக்டர் கையெழுத்திட்ட நிலையாணை ஒட்டியிருந்தது. எந்த வயதில் எந்தப் பரிசோதனை என்று ஆய்வகத்துக்கு அவர் தரும் பொது உத்தரவு அது. புதுச் சட்டம் வந்தபோது நான் தட்டச்சு செய்து நீட்டினேன், அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஒரு வயதுக்கு நேரே ஹீமோகுளோபின், ஈயம் என்று இரண்டும் இருந்தன. தவறியிருந்தால் அடுத்த வருகையில் என்றும் இருந்தது. வாயால் வேண்டாம் என்றிருந்தார். தாளில் வேண்டும் என்றிருந்தார். நான் தாள் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். சுமதியிடம் என்ன பரிசோதனை, எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேட்டேன்.

இந்த இடத்தில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். குழந்தையின் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆல்கஹால் பஞ்சு மட்டும் போதாது. விரலில் ஒட்டிய தூசியில் இருக்கிற ஈயம் ரத்தத்தில் இருப்பதுபோல் காட்டிவிடும். கழுவிய கை எதையும் தொடக்கூடாது, அம்மாவின் சேலையைக்கூட. நடுவிரல் அல்லது மோதிரவிரல், நுனியில் சற்றுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். பிழியக்கூடாது, விரலைத் தாழ்த்திப் பிடித்தால் தானாக வரும். ஊதா மூடிக் குழாயில் பிடித்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாக்க வேண்டும், குலுக்கக் கூடாது. பெயர் எழுதிய பிறகுதான் குழந்தையை இறக்கிவிட வேண்டும். வருண் அழவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

மாதிரி வெளி ஆய்வகத்துக்குப் போய் ஒரு வாரத்தில், டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று முடிவு வந்தது. முப்பத்தொன்று. அந்த நாளில் பத்து என்றாலே கவனிக்க வேண்டும். இருபதைத் தாண்டினால் வீட்டைச் சோதிக்க ஆள் வருவார்கள். நாற்பத்தைந்தைத் தொட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். இப்போது அந்தப் பத்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

தாளை டாக்டரிடம் கொண்டுபோனேன். யார் சொல்லி எடுத்தாய் என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி, ஒரு வயது வருகைக்கு வந்து, என் கையெழுத்தில் இருந்த ‘தேவையில்லை’யில் நின்றார். விரல் அழுக்காக இருந்திருக்கலாம், நரம்பிலிருந்து எடுத்துப் பார் என்றார். எடுத்தேன். இருபத்தெட்டு. அன்று அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. செந்திலுக்கு அவரே போன் செய்தார்.

சட்டத்தின் மீதி வேலை தானாக நடந்தது. ஆய்வகம் மாநிலத்துக்குத் தெரிவித்தது, மாநிலம் எங்கள் மாவட்டமான கவுன்ட்டிக்குத் தெரிவித்தது. கவுன்ட்டி ஆய்வாளர் ஒருவர் நாள் குறித்துவிட்டு வந்தார். சுமதி பயந்துபோய் என்னையும் கூப்பிட்டாள். ஆய்வாளர் உயரமான, நிதானமான மனிதர். துப்பாக்கி போன்ற ஒரு எக்ஸ்ரே கருவியைச் சன்னல் சட்டத்தில், கதவில், கட்டிலில் எல்லாம் வைத்து அழுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டார். குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். தரைத் தூசியை ஈரத்துணியால் துடைத்து உறையில் போட்டார். சமையலறையில் வரிசையாக இருந்த பாத்திரங்களைக்கூடப் பார்த்தார். எல்லாம் கண்ணாடி போல மின்னிய எவர்சில்வர். ஈயம் கலந்திருக்கக்கூடிய குங்குமம், கண்மை, ஊரிலிருந்து வந்த மருந்து உண்டா என்று சுமதியிடம் கேட்டேன். இருந்த குங்குமத்தையும் அவர் எடுத்துக்கொண்டார்.

முடிந்ததும் சுமதி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. ஆய்வாளர் ரசத்தை ஒரு தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு நல்ல சூப் என்றார். நான் இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் இப்படி ஒரு ரசமா என்று அவளிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. மடியில் வருணுக்கும் அதையே குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஈயம் இல்லை என்று அறிக்கை வந்தது. தண்ணீரில் இல்லை, தூசியில் இல்லை, குங்குமத்திலும் இல்லை.

அடுத்த மாதப் பரிசோதனையில் வருணுக்கு முப்பத்தாறு.

செந்தில் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். டெக்சஸில் இர்விங்கில் ஒரு வேலை கிடைத்திருந்தது. கருவிக்குத் தெரியாத ஏதோ இந்த வீட்டில் இருக்கிறது, இரண்டு வாரத்தில் காலி செய்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். கிளினிக்கில் டாக்டர் முன்னால் அதைச் சொன்னபோது சுமதி தலை குனிந்திருந்தாள். அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பது அவள்தானே என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அந்த இரண்டு வாரக் கணக்கு பயத்தைக் கொடுத்தது. ஈயம் சுவரில் இருந்தால் வீடு மாறினால் போய்விடும். சுவரில் இல்லை என்று கருவி சொல்லிவிட்டது. அப்படியானால் அது அவர்களோடு பெட்டியில் ஏறி இர்விங்குக்குப் போகும். அங்கே மூன்று மாதம் கழித்து யாராவது பார்த்தால் ஐம்பதாக இருக்கும். பார்க்காவிட்டால் அதுவும் தெரியாது.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். குழந்தை தொடுவது, வாயில் வைப்பது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நேரே, யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்றும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் நேரே ஒரே நாள்தான் வந்தது, ஆய்வாளர் வந்த நாள். நாள் குறித்துவிட்டு வந்த நாள். என் வீட்டுக்கு ஒரு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் நான் என்னென்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, கிளினிக் திறக்கும் முன், போன் செய்யாமல் போய்க் கதவைத் தட்டினேன். சுமதி நைட்டியோடு வந்து திறந்தாள். பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். மின் அடுப்பின் சுருளில் ஒரு தோசைக்கல், அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒடுங்கிப்போன ஒரு சொம்பு. அடிப்பக்கம் ஒரு ஓரம் உருகிச் சாய்ந்திருந்தது. உள்ளே ரசம் நுரை கூடிக்கொண்டிருந்தது.

“இது அன்னைக்கு இல்லையே சுமதி” என்றேன்.

“ஈயச் சொம்புக்கா. அம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது. ரசம் இதுல வெச்சாத்தான் அவருக்கு இறங்கும்.” சிரித்தாள். “அன்னைக்கு ஆபீசர் வர்றாருன்னு துணி அலமாரில வெச்சுட்டேன். பாருங்க, எவ்வளவு அசிங்கமா இருக்கு. வெள்ளைக்காரங்க என்ன நெனைப்பாங்க.”

“அன்னைக்கு நாங்க சாப்பிட்ட ரசம்?”

“காலைல இதுல வெச்சு எவர்சில்வர்ல ஊத்தி வெச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அடுப்பை அணைத்தேன். ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. விலையைக் குறைக்கச் சிலர் அதில் காரீயத்தையும், அதாவது நாங்கள் தேடிய அந்த ஈயத்தையும், சேர்த்து உருக்குவார்கள். புளியும் தக்காளியும் அதை அரித்து எடுக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, வேதியியலில் படித்ததுதான். எங்கள் வீட்டிலும் அந்தச் சொம்பு உண்டு. ரசத்தைச் சாப்பிட்டு ருசியைப் பாராட்டிய நான், அது எதில் கொதித்தது என்று கேட்கவில்லை. ஆய்வாளருக்குக் கேட்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“அக்கா, நான் தினமும் குடுத்தேன். வேற எதுவும் சாப்பிட மாட்டேங்கிறான்னு அது ஒண்ணாவது இறங்கட்டும்னு குடுத்தேன்.”

இன்று ஒரு சொட்டுக்கூடக் கொடுத்துவிடாதே என்றேன். சொம்பைக் கழுவிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நேரே கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் கருவியை அதன் வயிற்றில் வைத்து அழுத்தினார். எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு இடத்தில் அழுத்தினார். பிறகு, தான் குடித்த சூப் இதில் செய்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் கேள்வித்தாளை எடுத்துக் கடைசிக் கேள்விக்குக் கீழே பேனாவால் ஒரு வரி எழுதிக்கொண்டார். இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி எழுதினார்.

கிளினிக்குக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். டாக்டர் தன் அறையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிறகு என் கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

“இது என்னதும்மா?”

“சட்டப்படி பாத்திருக்க வேண்டிய பிள்ளைங்க சார். நாம பாக்காம அனுப்பினது. வருண் பதினேழாவது.”

முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் எதையும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. நாற்பத்தொன்று வரை வந்து, நோட்டை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு மாசமா எழுதிருக்க. ஏன் எங்கிட்ட காட்டல?”

“பயந்தேன் சார்.”

“என்னையா?”

கேட்ட பிறகுதான் அவருக்கு மெல்லப் புரிந்தது. கிரீன் கார்டுக் காகிதம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றுகூட அவருக்கு நினைவிருந்திருக்காது. கையை இரண்டு மூன்று முறை தேய்த்துக்கொண்டார், தொடுவதற்கு எதிரே குழந்தை ஒன்றும் இல்லாதபோதும்.

“நீ பயந்தது தப்பு. நான் சொன்னது அதவிடப் பெரிய தப்பு. போனைக் கொண்டா” என்றார்.

அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையில் அவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். ரிசப்ஷனிஸ்டிடம் கொடுக்கவில்லை. “உங்க பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் பாக்காம விட்டுட்டேன், என் தப்பு, கூட்டிட்டு வாங்க” என்பார். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொம்பைப் பற்றியும் சொன்னார். ஒரு பெண் தன் சொம்பை ஒருவரும் குறை சொல்லக் கூடாது என்று சண்டை பிடித்தாள். சொம்பை விடுங்க, பிள்ளையைக் கொண்டாங்க என்றார். வருண் போக மீதி நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் வந்தார்கள். மூன்று குடும்பங்கள் ஊரைவிட்டே போயிருந்தன. வந்தவர்களில் இரண்டு குழந்தைகளுக்குப் பத்துக்கு மேல். அவர்களில் ஒரு வீட்டில் ஈயச் சொம்பு இருந்தது. இன்னொரு வீட்டில் எதனால் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் அந்தப் பிள்ளையை நாங்கள் விடவும் இல்லை. எண் இறங்கும்வரை மாதாமாதம் கூப்பிட்டோம்.

வருணுக்கு, சொம்பை நிறுத்திய இரண்டாவது வாரம், அவர்கள் புறப்படும் முந்தின நாள், இன்னொரு முறை எடுத்தேன். முப்பத்தொன்று. இறங்கத் தொடங்கியிருந்தது. எழுந்து போகும்போது சுமதி கேட்டாள்.

“இவ்வளவு நாள் உள்ள இருந்ததுல எதெல்லாம் போச்சுன்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்காக்கா?”

இல்லை என்றேன். இருந்திருந்தால் நான் இத்தனை ஆண்டுகள் ஒரு வயதுக் குழந்தைகளின் விரலை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்திருக்க வேண்டியதில்லை. போன பிறகு மூளையில் என்ன போயிற்று என்று எந்தக் குழாயும் காட்டாது. போவதற்கு முன்னால் காட்டுவது ஒன்றுதான் உண்டு.

வருணுக்கு இரண்டு வயது நிறைந்த வாரத்தில் சுமதி இர்விங்கிலிருந்து போன் செய்தாள். புது டாக்டரின் அலுவலகத்தில், இங்கே எல்லாக் குழந்தைக்கும் என்று சட்டம் இல்லை, உங்கள் வீடு புதுசு, அவசியமில்லை என்றார்களாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“சட்டம் இல்லாட்டிப் பரவால்ல, நான் இருக்கேன்னு சொல்லி வெயிட்டிங் ரூம்ல உக்காந்துட்டேன்க்கா. பழைய ரிப்போர்ட் எல்லாம் கையில வெச்சிருந்தேன். ரெண்டு மணி நேரம். அப்புறம் ஒரு நர்ஸ் வந்தாங்க. முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“எவ்வளவு வந்துச்சு?”

“பதினாலு.” பின்னால் வருண் ஏதோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான், என்ன வார்த்தை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு, “பத்துக்குக் கீழ இன்னும் வரல. அடுத்த தேதி வாங்கிட்டுத்தான் எந்திரிச்சேன்” என்றாள்.